திங்கட்கிழமை காலை வயிற்றுவலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. இந்த வருடம்தான் பக்கத்து ஊரில் பெரிய பள்ளியில் சேர்த்தோம். ஜூலையிலிருந்து ஞாயிறு ராத்திரி ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறாள், திங்கட்கிழமை காலையில் ஒரு இட்லி சாப்பிட்டாலும் வாந்தி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு போட்டால் பத்து மணிக்கெல்லாம் நன்றாக விளையாடுகிறாள். ‘நடிக்கிறாள், ரெண்டு போட்டால் சரியாகும்’ என்கிறார் மாமியார். நடிப்புதானா?
- ஒரு அம்மா, விருதுநகர் மாவட்டம்

பதில்: நடிப்பு இல்லைம்மா. அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது.

பயம் வந்ததும் மூளை உடம்பை ஓடுவதற்குத் தயார் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, கை கால் தசைகளுக்கு ரத்தம் அதிகமாகப் போகிறது, ஜீரணத்தை அப்போதைக்கு உடம்பு ஒதுக்கி வைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் இட்லியை உள்ளே தள்ளினால் வெளியேதான் வரும். ‘வயிற்றில் புளியைக் கரைக்குது’ என்று நாம் சும்மா சொல்லவில்லை. பத்து மணிக்கு அவள் விளையாடுவதை வைத்து நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள், பள்ளிக்கூட பஸ் போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று உடம்பு அடங்கிவிட்டது, அவ்வளவுதான். (எடை குறைந்தாலோ, தூக்கத்தில் வலி எழுப்பினாலோ, ரத்தம் போனாலோ மட்டும் மறுபடி டாக்டரிடம் போங்கள்.)

இதையே அவளுக்கும் சொல்லுங்கள். ‘உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும், உன் வயிறு எதையோ பார்த்து பயப்படுது, என்னன்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்’ என்றால் பதினொரு வயதுக் குழந்தைக்கு நன்றாகவே புரியும். ஆனால் ‘ஏன் பள்ளிக்கூடம் பிடிக்கலை?’ என்று கேட்காதீர்கள், ‘தெரியலை’ என்றுதான் வரும், ஏனென்றால் அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். அதற்குப் பதில் அவளுடைய டைம்டேபிளை ஒரு தாளில் எழுதி, பஸ், பிரேயர், இன்டர்வெல், மதிய சாப்பாடு எல்லாவற்றையும் அதில் சேர்த்து, சிவப்பு பென்சிலைக் கையில் கொடுத்துவிடுங்கள். வயிறு எங்கே இறுக்கமாகிறதோ அங்கே கலர் அடிக்கட்டும். நான் பள்ளிகளில் ஆலோசகராக இருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி உட்கார்ந்தான். கணக்குப் பாடமாக இருக்கும் என்று நாங்கள் எல்லாருமே நினைத்திருந்தோம். அவன் கணக்கைத் தொடவே இல்லை, காலை இன்டர்வெலை மட்டும் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திச் சிவப்பாக்கினான். கழிவறை வாசலில் பெரிய பையன்கள் சிலர் நின்றுகொண்டு தினமும் அவனை மிரட்டியிருக்கிறார்கள், அங்கே போகாமல் இருக்க அவன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தான். தினமும் வாட்டர் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்பியதை அம்மாவும் பார்த்திருக்கிறார், மறந்துபோய் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். அடித்திருந்தால் அந்தப் பையன் கடைசிவரை வாயைத் திறந்திருக்க மாட்டான், அதனால்தான் உங்கள் மாமியார் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்கிறேன்.

கலர் விழுந்த இடம் எதுவோ, அதை வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசுங்கள். யாராவது தகாதபடி தொடுகிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்று வெளியே வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே கூப்பிடுங்கள். லீவு மட்டும் தொடர்ந்து போடாதீர்கள். இந்தத் திங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த திங்கள் இன்னும் பெரிதாகத் தெரியும், தேவைப்பட்டால் அரை நாளாவது போய்விட்டு வரட்டும். அப்புறம் மூச்சு. சூடான பாலை ஊதி ஆற்றுவது போல, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக நீளமாக ஊத வேண்டும், மூச்சு வெளியே போகும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும். முதல் முறையாகத் திங்கட்கிழமை காலையில் சொல்லிக் கொடுத்தால் பலிக்காது. புதன்கிழமை சாயங்காலம், நல்ல மனநிலையில் இருக்கும்போது, நிஜமாகவே ஒரு டம்ளர் பாலை வைத்துக்கொண்டு பழக்குங்கள்.

கேள்வி: பிளஸ் டூ பயாலஜி குரூப். ஸ்கூல், அப்புறம் நீட் கோச்சிங், ராத்திரி பன்னிரண்டரை வரை படிக்கிறேன், நாலரைக்கு அலாரம். வீட்டில் கேட்டால் ஒப்பிக்கிறேன். டெஸ்டில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் பிளாங்க் ஆகிவிடுகிறது. சித்தப்பா மகன் மெடிக்கல் சீட் வாங்கியவன். எனக்கு மூளை அவ்வளவுதானா?
- மாணவன், நாமக்கல்

பதில்: தம்பி, நீ தூங்குவது நாலு மணி நேரம். உன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். பகலில் படித்தது தூக்கத்தில்தான் கெட்டிப்படுகிறது, அதனால் முதலில் அந்த அலாரத்தை ஆறு மணிக்குத் தள்ளு, பத்துக்குள் விளக்கை அணை. ஒரே நாளில் முடியாது, பதினைந்து பதினைந்து நிமிடமாக நகர்த்து.

பிளாங்க் ஆவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கணக்கைப் போடவோ பதிலைக் கோர்க்கவோ மனசுக்குள் நாம் பயன்படுத்தும் இடம் மிகச் சின்னது, டீக்கடை பெஞ்ச் மாதிரி, மூணு நாலு பேர்தான் உட்காரலாம். ‘அப்பா என்ன சொல்வார்’, ‘அண்ணன் வாங்கிட்டானே’ என்று ரெண்டு பேர் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் பயாலஜியில் நீ படித்த கிரெப்ஸ் சுழற்சி எங்கே உட்காரும்? பாடம் போய்விடவில்லை, வெளியே நிற்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே தாளில் எழுதித் தள்ளிய மாணவர்கள் நன்றாகவே எழுதினார்கள், பயப்படும் சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் அதிகப் பலன். நீயும் டெஸ்டுக்குக் கிளம்பும் முன் எழுது, எழுதிக் கிழித்துப் போடு, யாரும் படிக்க வேண்டாம்.

இன்னொன்று, ஒப்பிப்பது வேறு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுவது வேறு. பொதுத்தேர்வில் 10 மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்து, வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15-க்குத்தான் எழுத ஆரம்பிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழைய கேள்வித்தாளை வைத்து இதே நேரத்துக்கு உட்கார். அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாத கேள்வியில் கண்ணை நிறுத்தாமல், தெரிந்த ஐந்தைத் தேடிப் பிடித்துவிட்டு, பாலை ஆற்றுவது போல நாலு மூச்சு விடப் பழகு. ஹாலில் உடம்புக்கு அது பழகின இடமாகிவிடும்.

அப்பாவிடம் இதைக் காட்டு. ஐயா, கோச்சிங் வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் உங்களுக்குப் பிள்ளை வீடு வந்து சேரும் முன்னே வந்துவிடுகிறது. அவன் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். சாப்பிட்டு முடிக்கும் வரையாவது அதைப் பற்றிப் பேசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 180 கேள்வி, 720 மார்க், வருடத்தில் ஒரே நாள் என்பது எந்தப் பிள்ளைக்கும் பாரம்தான்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஸ்ட்ரெஸ் என்ற பேச்சே கிடையாது. இப்போது மட்டும் என்ன?
- ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

பதில்: ஐயா, எஸ்.எஸ்.எல்.சி. நம்பர் பேப்பரில் வரவில்லை என்று ஊரை விட்டு ஓடிப்போன பையன் உங்கள் தெருவிலும் ஒருவன் இருந்திருப்பான், யோசித்துப் பாருங்கள். மாநில முதலிடம் யார் என்று அறிவிப்பதை நம் அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம், வீடுகளில்தான் இன்னும் நிற்கவில்லை. நீங்கள் எதிலாவது தோற்றிருந்தால் அதைப் பேரனிடம் சொல்லுங்கள், எப்படி எழுந்தீர்கள் என்பதைவிட அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி’ என்று எழுதியிருக்கிறான். கேட்டால் நானே தூண்டிவிட்டது போல ஆகுமோ?
- ஆசிரியை, தர்மபுரி

பதில்: ஆகாது டீச்சர். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. இன்றைக்கே, வகுப்பில் வேண்டாம், தனியாக மரத்தடியில் உட்காரவைத்து, ‘நோட்டில் எழுதியதைப் பார்த்தேன், செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?’ என்று அதே வார்த்தையில் கேளுங்கள். பதில் வர நேரமாகும், அவசரப்படாதீர்கள். ‘ச்சீ, அப்படியெல்லாம் பேசாதே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அத்தோடு மூடிக்கொள்வான். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டுக்கு நீங்களே தகவல் சொல்லி, யாராவது வந்து கூட்டிப்போகும் வரை பக்கத்தில் இருங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அவன் கைக்கு எட்டாதபடி உடனே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அரசின் சுகாதார உதவி எண் 104, மனநல உதவி எண் 14416 இரண்டிலும் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மார்க் பயம்தான் காரணம் என்றால் துணைத்தேர்வு உடனே வருகிறது, வருடம் வீணாகாது என்பதையும் சொல்லலாம், ஆனால் அது இரண்டாவது, முதலில் அவன் சொல்வதை முழுக்கக் கேட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.