கண்ணுக்குள் ரத்தக்கசிவு: ஜெர்மனி டாக்டர் ஒன்று சொல்கிறார், திருச்சி டாக்டர் வேறு சொல்கிறாரே?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. போன மாதம் இடது கண்ணில் ஒட்டடை மாதிரி ஏதோ மிதக்கிறது என்றான். மறுநாளே பார்வை மங்கிவிட்டது. விழித்திரை ரத்தக்குழாயில் அழற்சி, அதனால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அங்குள்ள டாக்டர் சொல்லி, மூளைக்கு எம்.ஆர்.ஐ., இன்னும் ஏதேதோ ரத்தப் பரிசோதனைகள் எழுதியிருக்கிறார். வாயில் அடிக்கடி புண் வருமா என்றும் கேட்டாராம். கண் படங்களைத் திருச்சியில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். “ஈல்ஸ் நோய் மாதிரி இருக்கிறது, முதலில் டிபி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்” என்கிறார். அவனுக்கு இருமல்கூட இல்லை. யார் சொல்வதைக் கேட்பது? வெள்ளைக்காரர்களுக்கு வராத நோய் நமக்கு மட்டும் ஏன் வருகிறது?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: அம்மா, இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவரவர் ஊரில் எந்த நோயாளிகளை அதிகம் பார்க்கிறார்களோ, அந்த நோய்தான் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். உங்கள் மகன் இரண்டு ஊருக்கும் உரியவர் என்பதால் இரண்டு பேர் சொல்வதும் அவருக்குத் தேவை.

முதலில், விழித்திரையின் சிரைகளில் அழற்சி வந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும் இந்த ஈல்ஸ், நமக்கு மட்டும் வரும் நோய் அல்ல. ஹென்றி ஈல்ஸ் என்ற கண் மருத்துவர் 1880-ல் இதை முதலில் விவரித்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்த இளைஞர்களைப் பற்றித்தான் எழுதினார். அவர்களுக்கு மலச்சிக்கலும் மூக்கில் ரத்தம் வடிவதும் இருந்ததைப் பார்த்து, அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார். ரத்தக்குழாய் அழற்சிதான் அடிப்படை என்பது பின்னால் வந்தவர்கள் கண்டது. அப்போது ஐரோப்பாவில் காசநோய் வீட்டுக்கு வீடு இருந்த காலம். அங்கே காசநோய் குறையக் குறைய ஈல்ஸும் அரிதாகிவிட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் காசநோய் அந்த அளவுக்குக் குறையவில்லை, ஈல்ஸும் அப்படி அரிதாகவில்லை. இங்கே விழித்திரை மருத்துவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான நோய். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள், மற்றபடி நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள். அதனால் இது நம் ரத்தத்தில் ஊறிய பரம்பரை நோய் என்று நினைக்க வேண்டாம்.

காசநோய்க்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள், ஈல்ஸ் நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது விழித்திரை மேலிருந்து எடுத்த சவ்வுகளை, கிருமியின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். முறையில் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிச் சவ்வுகளில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருந்தது. வேறு நோய்க்காக எடுத்த சவ்வுகளிலோ ஒன்பதில் ஒன்றில்தான் இருந்தது. கிருமி கண்ணுக்குள் உயிரோடு பெருகிக்கொண்டிருக்க வேண்டும் என்றில்லை. உடம்பில் எங்கோ ஒடுங்கிக் கிடக்கும் கிருமியின் புரதங்களை எதிர்த்து நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிளம்பும்போது, விழித்திரையின் ஓரத்துச் சிரைகள் அதில் அடிபடலாம். இருமல், சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல், எக்ஸ்ரேவும் சுத்தமாக இருக்கும்போதே இப்படி நடக்கும். அதனால் ‘இருமல்கூட இல்லையே’ என்பதை வைத்து டிபி டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது ஜெர்மனி டாக்டரின் பக்கம் வருவோம். வட ஐரோப்பியர்களிடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் அதிகம். அதிலும் விழித்திரைச் சிரைகளைச் சுற்றி அழற்சி வரும், பார்வைக்கு ஈல்ஸ் மாதிரியே இருக்கும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. அதற்காகத்தான். வாய்ப்புண் பற்றிக் கேட்டது, அடிக்கடி வாய்ப்புண்ணும் ரத்தக்குழாய் அழற்சியும் வரும் பெசெட் நோய்க்காக. துருக்கியிலிருந்து ஜப்பான் வரை, பழைய பட்டுப்பாதை நெடுகிலும் அதிகமாக இருக்கும் நோய் இது. ஜெர்மனியில் வாழும் துருக்கி வம்சாவளியினரிடம், ஜெர்மானியர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. அதனால் அங்குள்ள கண் டாக்டருக்கு அதைக் கேட்காமல் விட முடியாது. உடம்பின் பல இடங்களில் சிறு சிறு அழற்சிக் கட்டிகள் வரும் சார்காய்டோசிஸ் என்று இன்னொன்று உண்டு, வட ஐரோப்பியர்களிடமும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் அதிகம். அதைத் தேட முதலில் ஒரு ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஸ்கேனும் எடுப்பார்கள்.

ஒரு மக்கள் கூட்டத்தில் எது அதிகம் என்பது, எதை முதலில் தேடுவது என்று சொல்லுமே தவிர, உங்கள் மகனுக்கு என்ன நோய் என்று சொல்லாது. காரைக்குடிக்காரருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரலாம்.

பரிசோதனை முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் ஊர் வித்தியாசம் பெரிதாக வரும். காசநோய்க்கு மேன்டூ ஊசி டெஸ்ட் இருக்கிறது, இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. குழந்தையில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கு மேன்டூ தப்பாகப் பாசிட்டிவ் காட்டலாம், இக்ராவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் மூன்று பேருக்கு மேல் காசநோய்க் கிருமி உடம்பில் ஒடுங்கியிருப்பதாக 2019–21 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக, பிறந்து வளர்ந்த ஜெர்மானியர் ஒருவருக்கு இக்ரா பாசிட்டிவ் வந்தால் அது பெரிய துப்பு. நம் ஊரில் வளர்ந்தவருக்கு வந்தால் அது பாதித் துப்புதான். கண்ணுக்குள் தெரிவதோடு பொருந்த வேண்டும். சிரைகளை ஒட்டிப் பழைய தழும்புகள் இருக்கின்றனவா, ஓரத்தில் ரத்தம் போகாமல் அடைபட்ட பகுதி எவ்வளவு என்பதைச் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராமில் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் காசநோய்ச் சந்தேகம் பலப்படும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மருந்து தப்பினால் ஆபத்து. அழற்சிக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். பெசெட் என்று முடிவு செய்தால், நோய் எதிர்ப்பை அடக்கும் அடலிமுமாப் போன்ற ஊசியும் தரலாம். இரண்டுமே ஒடுங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும், அதிலும் அந்த ஊசி அதிகமாக. ஊசிக்கு முன் டிபி டெஸ்ட் எடுப்பது அங்கேயும் வழக்கம்தான். இருந்தாலும் உங்கள் மகன் தானாகவே சொல்லிவிடட்டும்: எங்கே வளர்ந்தேன், வீட்டில், ஹாஸ்டலில், அலுவலகத்தில் யாருக்காவது டிபி இருந்ததா, பி.சி.ஜி. போட்டேனா என்று. தாத்தாவுக்கு எப்போதோ வந்து குணமானதைக்கூட விட வேண்டாம், நம் வீடுகளில் இதை வெளியே சொல்ல மாட்டோம். திருச்சி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் இன்னும் நல்லது.

காசநோய்தான் காரணம் என்று முடிவானால் கூட்டு மருந்து குறைந்தது ஆறு மாதம், சிலருக்கு ஒன்பது மாதம். அதோடு அளவான ஸ்டீராய்டு. கூட்டு மருந்தில் வரும் எதாம்ப்யூடால் கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது. ஆரம்பிக்கும் முன்பும், பிறகு அவ்வப்போதும் நிறம் பிரித்தறியும் சோதனை செய்துகொள்ள வேண்டும். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம் லேசர். ரத்தம் போகாத பகுதிகளில் புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள்தான் உடைந்து கசிகின்றன. லேசர் போடுவது அவற்றை அடக்க, பார்வையைக் கூட்ட அல்ல. ‘லேசர் போட்டும் தெளிவாகத் தெரியவில்லையே’ என்று பலர் பாதியில் வராமல் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றுவிடக் கூடாது. இப்போது கசிந்திருக்கும் ரத்தம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் கரையும். தலையை உயர்த்தி வைத்துத் தூங்கட்டும். மூன்று மாதம் ஆகியும் கரையாவிட்டாலோ, விழித்திரை இழுபட்டாலோதான், கண்ணுக்குள் ரத்தம் கலந்திருக்கும் கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவைச் சிகிச்சை.

வலது கண் நன்றாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு கண்ணிலும் வரும் நோய் இது. அந்தக் கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டு, ஓரம் வரை பார்க்கச் சொல்லி, ஆஞ்சியோகிராமும் எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணிலாவது மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை மறைத்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.