வான் நியூமன் நிரூபணத்தின் குறை: முதலில் கண்டவர் ஹெர்மனா, பெல்லா?

கிரேட்டே ஹெர்மன்தான். அளவீட்டின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும், நமக்குத் தெரியாத காரணிகள் (மறைமாறிகள்) குவாண்டம் இயக்கவியலுக்கு அடியில் இருக்க முடியாது என்பதே கணிதவியலாளர் வான் நியூமனின் நிரூபணம். காட்பாடிப் பள்ளியில் நீங்கள் ஆற்றப்போகும் உரையில் 1935 என்றே துணிந்து சொல்லுங்கள். உங்கள் ஆசிரியர் குறிப்பிடும் இயற்பியலாளர் ஜான் பெல்லின் கட்டுரை 1966இல்தான் அச்சேறியது.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாடநூல்கள். அவை பெல்லோடு நின்றுவிடுகின்றன. கிரேட்டே ஹெர்மன் எமி நோதரிடம் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், லைப்சிக் சென்று குவாண்டம் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் குழுவோடு விவாதித்தவர். அவரது ஆய்வு தத்துவ இதழில் வந்ததால் இயற்பியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எத்தனை பெரிய அநியாயம்!

குறையை மாணவர்களே சரிபார்க்கலாம். எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் கிடைத்திசையில் அளந்தால், உரிய அலகில், +1 அல்லது −1 கிடைக்கும். செங்குத்துத் திசையிலும் அப்படியே. ஆனால் இவ்விரண்டின் கூட்டலாக அமையும் அளவை அளந்தால் +√2 அல்லது −√2. ஒன்றுகளைக் கூட்டி √2 வருமா? சராசரிகள் கூடும், தனி மதிப்புகள் அப்படிக் கூட வேண்டியதில்லை. மறைமாறிகள் முடிவு செய்யும் தனி மதிப்புகளுக்கும் சராசரிகளின் அந்தக் கூட்டல் விதி செல்லும் என்று வான் நியூமன் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்.

ஒன்றில் மட்டும் கவனம்: ஹெர்மன் மறைமாறிகளை ஆதரித்தார் என்று சொல்லிவிடாதீர்கள். குவாண்டம் இயக்கவியலில் காரணகாரியம் ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது, அளந்தபின் பின்னோக்கிப் பார்த்தால் அது தெரியும் என்பதே அவர் வாதம்.