மலைப்பள்ளியில் மாணவர் செய்தித்தாள் ஏன் இரண்டு இதழோடு நின்றுவிடுகிறது? தொடர்ந்து நடத்த என்ன வழி?

கேட்டவர் கோத்தகிரிப் பக்கம் ஆசிரியர் என்றும், செய்தித்தாள் மன்றத்தை இந்த வருடம் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். முதல் இதழ் தடபுடலாக வந்திருக்கும், இரண்டாவது இளைத்திருக்கும், மூன்றாவது வந்தே இருக்காது. பணம் இல்லாமல் நின்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்தி இல்லாமல் நின்றது.

"எழுதிக் கொடுங்கள்" என்றதும் பிள்ளைகள் கொண்டுவருவது அம்மா கவிதை, மரம் வளர்ப்போம் கட்டுரை, அப்துல் கலாம் பொன்மொழி. முதல் மாதம் கட்டுக்கட்டாக வரும். அடுத்த மாதமும் அதே அம்மா, அதே மரம். இவற்றுக்கு ஆண்டு மலர் இருக்கிறது, பள்ளிக் கல்வித்துறையே நடத்தும் தேன்சிட்டு இதழ் இருக்கிறது. செய்தித்தாளில் நான்காம் பக்க மூலை போதும். தமிழாசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கவிதைக்கு நான் விரோதி இல்லை. கவிதையை நம்பித் தொடர்ந்து இதழ் நடத்த முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே படைப்பு கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். நிருபர்களை வகுப்புவாரியாக அல்ல, பஸ் ரூட் வாரியாகப் பிரியுங்கள். கட்டபெட்டு, அரவேணு, கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், குஞ்சப்பனை என்று ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பிள்ளை. வாரம் ஒரு தகவல் கொண்டுவர வேண்டும்: எந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) தண்ணீர் வரவில்லை, எந்த எஸ்டேட் லைனுக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) மாலை பஸ் நின்றுபோனது, பசுந்தேயிலைக்கு இந்த மாதம் வீட்டுக்கு என்ன விலை வந்தது. தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு விலை அறிவிக்கிறது. அதையும், நாலு வீடுகளுக்கு உண்மையில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலே முதல் பக்கம் தயார். கொடைக்கானல் பக்கமாக இருந்தால் இதே வேலையைப் பூம்பாறையில் பூண்டை வைத்துச் செய்யலாம்.

இதழாசிரியர் பொறுப்பைப் பிளஸ் டூ பிள்ளைக்குத் தராதீர்கள். அரையாண்டுத் தேர்வு வந்ததும் காணாமல் போய்விடும். பத்தாம் வகுப்பும் வேண்டாம், பெற்றோர் விடமாட்டார்கள். பிளஸ் ஒன்னில் ஆசிரியர், ஒன்பதில் துணை ஆசிரியர், எட்டில் இரண்டு பேர் பழகட்டும். கூட்டத்தை மாலையில் வைக்க முடியாது. லவ்டேல் லாரன்ஸ் மாதிரி விடுதிப் பள்ளியில் பிள்ளைகள் ராத்திரி வரை வளாகத்தில் இருப்பார்கள். நம் பிள்ளைகள் பஸ்ஸை விட்டால் காட்டெருமை நிற்கும் ரோட்டில் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை மன்றத்துக்கு என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழி அனுமதி நிற்காது. பி.இ.டி. (உடற்பயிற்சி) பீரியடைக் கணக்கு வாத்தியார் "ஒரு நாள் மட்டும்" என்று வாங்கி, வருடம் முழுக்கத் திருப்பித் தராத கதைதான் நடக்கும். அதைத் தட்டிக்கேட்க எந்தப் பள்ளியிலும் ஆள் இல்லை.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாள்: யார், என்ன, எங்கே, எப்போது, யார் சொன்னது, இன்னொருவர் யார். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் செய்தி அச்சுக்குப் போகக் கூடாது. எடுத்துக்காட்டாக, "கரடி சத்துணவு மையத்தை உடைத்தது" என்று பிள்ளை வரும். பார்த்தவர் யார்? சத்துணவு அமைப்பாளர் என்ன சொல்கிறார், எண்ணெயா பருப்பா, எவ்வளவு போனது? வனத்துறையில் சொல்லியாயிற்றா? இதெல்லாம் கிடைத்த பிறகு "கரடி நுழைந்தது" என்று எழுதினால் போதும், "அட்டகாசம்" வேண்டாம். யானை, கரடியைப் படமெடுக்கப் பிள்ளையை அனுப்பவே கூடாது.

போடக் கூடாதவை: தண்டனை பெற்ற மாணவர் பெயர், யாருடைய மதிப்பெண்ணும், காதல் கிசுகிசு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடப் போக்சோ சட்டம் பிரிவு 23 தடுக்கிறது. வழக்கில் சிக்கிய சிறாருக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு ஊர், வகுப்பு, அப்பா தொழில் மூன்றையும் போட்டால் அதுவும் அடையாளம்தான். சின்ன ஹட்டியில் ஒன்று போதும்.

தலைமையாசிரியர் பார்க்காமல் வெளியிடலாமா என்று கேட்பீர்கள். முடியாது, சண்டையும் வேண்டாம். அச்சுக்கு இரண்டு நாள் முன் படி கொடுங்கள். தகவல் தவறு என்றால் திருத்துவோம், பிடிக்கவில்லை என்றால் அவர் மறுப்பைக் கூடவே போடுவோம் என்று ஜூனிலேயே பேசிவிடுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்ற செய்தியோடு எப்போது சரியாகும் என்ற அவர் பதிலும் வந்தால் பெரும்பாலும் தடை வராது.

இனி அச்சு. ஏ3 தாள் ஒன்று, இருபக்கம், நடுவில் மடித்தால் நாலு ஏ4 பக்கம். வெளிப்புறத்தில் இடது 4, வலது 1. உள்ளே 2, 3. ஜெராக்ஸில் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் தலைகீழாக வரும். எட்டுப் பக்கத்துக்கு ஆசைப்பட்டால் வெளித்தாளில் 8-1, 2-7. உள்தாளில் 6-3, 4-5. முதல் வருடம் நாலைத் தாண்டாதீர்கள். ஓரம் 15 மில்லிமீட்டர் விட்டால் 87 மில்லிமீட்டரில் இரண்டு பத்தி, இடையில் 6. ஆங்கிலத் தாள் மாதிரி மூன்று பத்தி வைத்து இருபக்கமும் சமன் செய்தால் நம் நீளச் சொற்களால் வரிக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடது ஓரம் மட்டும் சமன் செய்யுங்கள். எழுத்து 11 புள்ளி (பாயிண்ட்), தலைப்பு 20. படத்தோடு ஒரு பக்கத்தில் 250 முதல் 300 சொல்தான் அடங்கும்.

இதழுக்கு இதழ் மாட்டிக்கொள்ளும் இடம் எழுத்துரு. டி.டி.பி. கடையில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துரு ஓடினால், வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் அனுப்பும் யூனிகோடு அங்கே கேள்விக்குறியாகிவிடும். பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுத்தால் நடுவில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் தமிழ்க் குப்பையாக மாறும், சில நிறுத்தக்குறிகளும் சேர்ந்து போகும். மறுபடி தட்டச்சு செய்யப் பணம் கேட்பார்கள். பள்ளி ஆய்வகக் கணினியில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் நோட்டோ தமிழ் எழுத்துரு வைத்து நீங்களே பக்கம் கட்டி, பி.டி.எஃப். ஆகக் கொடுத்துவிடுங்கள். கைபேசியில் பேசித் தட்டச்சு செய்யும் பிள்ளைகளின் ர-ற, ன-ண பிழைகளைத் திரையில் பிடிக்க முடியாது. அச்செடுத்த தாளில், ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும்.

ஆளுக்கொரு பிரதி அடிக்காதீர்கள். வகுப்புக்கு ஒன்று, நூலகம், அறிவிப்புப் பலகை, பஸ் ரூட்டுக்கு இரண்டு. நாற்பது ஐம்பதில் முடியும். நூற்றுக்கணக்கில் போனால்தான் ஆஃப்செட் கட்டுப்படியாகும், பிளேட் செலவு குறைந்த பிரதிக்கும் அதேதான். பனிமூட்டத்தில் எடுத்த படம் ஜெராக்ஸில் வெறும் சாம்பல், ஜன்னல் ஓரத்தில் கிட்டத்தில் எடுங்கள். மழைக்காலத்தில் பிரித்த தாள்கட்டு ஈரம் குடித்துச் சுருளும், இயந்திரத்தில் சிக்கும். அச்சடிக்கும் அன்றுதான் உறையைப் பிரியுங்கள், மீதியைத் தகரப் பெட்டியில் மூடி வையுங்கள்.

இதழ்கள் ஐந்து: ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர், பிப்ரவரி. மழையில் ஆட்சியர் திடீரென்று விடுமுறை விட்டுவிடுவார், அதற்கு இரண்டு நாள் கையிருப்பு வைத்துத் தேதி குறியுங்கள். நாலாம் பக்க அடியில் திருத்தங்களுக்கு என்று நிரந்தரமாக ஓரிடம் விடுங்கள். பிப்ரவரி இதழ் முடிந்த வாரமே பக்க அமைப்புக் கோப்பு, மின்னஞ்சல் கடவுச்சொல், ஜெராக்ஸ் கடைக்காரர் எண் மூன்றையும் அடுத்த வருடம் ஒன்பதுக்குப் போகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய இதழாசிரியரின் கைபேசியிலேயே இருந்தால் அது மே மாதம் ஃபார்மேட் ஆகிவிடும்.