டைல்ஸை உடைப்பதற்கு முன்னால் இரண்டு இரவு பொறுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரம் வரை நான்கு மாதமாக ஓதம் பிடித்திருக்கிறது. பெயிண்ட் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஒரு பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "உள்ளே பைப் போய்விட்டது, டைல்ஸை எல்லாம் உடைத்து லைனை முழுவதும் மாற்றினால்தான் நிற்கும்" என்றார். இன்னொருவர், உடைக்கவே வேண்டாம், படுக்கையறைப் பக்கம் ஒரு கெமிக்கல் அடித்தால் போதும் என்கிறார். யாரை நம்புவது? வாஷ்பேசின் குழாயும் சொட்டுகிறது. கீசருக்குக் கீழேயும் அவ்வப்போது தண்ணீர் சொட்டுகிறது. எதை நாங்களே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்?

பதில்: இப்போதைக்கு இருவர் சொன்னதையும் ஒதுக்கி வையுங்கள். "வந்து பார்த்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்தச் சொல்தான். சுவருக்குள் இருக்கும் கசிவை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சோதித்துத்தான் சொல்ல முடியும். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் எதையும் சோதிக்கவில்லை. அந்தச் சோதனையில் பாதியை நீங்களே செய்துவிடலாம், ஸ்பேனர்கூட வேண்டாம்.

குளியலறைச் சுவருக்குத் தண்ணீர் மூன்று வழியில் வரும். ஒன்று, குழாய்க்கு வரும் லைன். அதில் இரவும் பகலும் அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தால் ஓயாமல் கசியும். இரண்டாவது, ஷவருக்கு மேலே ஏறும் துண்டுக் குழாய். திறந்தால் மட்டும்தான் அதில் அழுத்தம் இருக்கும். மூன்றாவது, நாம் கொட்டும் தண்ணீர்: டைல்ஸ் இடுக்கிலும், தரை வடிகாலின் ஓரத்திலும், கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலும் இறங்குவது. சுவரின் மறுபக்கத்தில் மூன்றும் ஒரே மாதிரி ஓதமாகத்தான் தெரியும். வைத்தியம் மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு. முதலாவது என்றால் லைனில் ஒரு இடத்தைத் திறக்க வேண்டும். இரண்டாவது என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு டைல். மூன்றாவது என்றால் குழாயைத் தொடவே வேண்டியதில்லை.

முதல் வேலையாக, ஈரம் எதுவரை இருக்கிறதோ அந்த விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வளர்கிறதா, நிற்கிறதா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அதோடு, ஒரு கண்ணாடித்தாள் துண்டை ஈரத்தின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்துகள் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் கோத்தால் அது காற்றின் ஈரம். அதற்குப் பிளம்பர் தேவையில்லை, ஜன்னலைத் திறந்தாலே போதும்.

அடுத்தது இரவுச் சோதனை. படுக்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் இறுக மூடுங்கள். ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் (சுவரில் இருக்கும் சின்னத் திருகு வால்வு) மூட மறக்காதீர்கள். மீட்டர் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால், தொட்டிக்குள் நீர் ஏறுவதை நிறுத்திவிட்டு நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள தொட்டியில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தொட்டியானால் முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். மட்டம் இறங்கியிருந்தால், அடுத்த இரவு குளியலறைக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். அன்று இறங்கவில்லை என்றால் கசிவு அந்தக் குளியலறை லைனில்தான் இருக்கிறது. அன்றும் அதே அளவு இறங்கினால், வால்வு சரியாக மூடியிருக்கும் பட்சத்தில், அந்தக் கசிவு குளியலறை லைனில் இல்லை, வேறு இடத்தில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வால்வு பழைய கேட் வால்வாக (பல சுற்றுத் திருகி மூடுவது) இருந்து, ஆண்டுக்கணக்கில் யாரும் திருகியதில்லை என்றால் வலுக்கட்டாயமாக மூடாதீர்கள். உள்ளே தண்டு முறிந்தால் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வால்வை மாற்றுவதுதான் பிளம்பருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் வேலை.

சரி, இரவில் மட்டம் இறங்கவே இல்லை. அப்படியானால் பைப் எல்லாம் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பிளம்பர்களே தவறிப்போகும் இடம் இதுதான். ஷவருக்கு ஏறும் துண்டுக் குழாய், குழாய் மூடியிருக்கும்போது அழுத்தம் இல்லாமல் நிற்கும். அதன் மேல்முனையில், சுவரைத் தாண்டி வெளியே வரும் எல்போவில் (வளைவு இணைப்பு) மரை தளர்ந்திருந்தால், குளிக்கும்போது மட்டும் உள்ளே கசியும். மீட்டருக்கும் தொட்டிக்கும் அது தெரியாது. முழு லைனையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்த ஒரு வீட்டுக்கு நான் போனேன். பாதித் தரையை அதற்குள் உடைத்துவிட்டார்கள். ஷவர் தண்டைக் கையால் பிடித்து ஆட்டினேன், அசைந்தது. சுவரோடு ஒட்டியிருந்த வட்டத் தகட்டை நகர்த்திப் பார்த்தால் உள்ளே எல்போவைச் சுற்றி ஈரம். தண்டைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப் (கசிவைத் தடுக்கும் மெல்லிய வெள்ளை நாடா) சுற்றி மறுபடி மாட்டியதோடு அந்தக் கசிவு நின்றது. உடைத்த தரைதான் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. எலிக்காக வீட்டைக் கொளுத்தியது போல.

அதனால் இதையும் செய்து பாருங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஒரு ரப்பர் குழாயை மாட்டி, தண்ணீர் நேராக வாளிக்குப் போகும்படி பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். சுவரிலோ தரையிலோ ஒரு சொட்டும் படக்கூடாது. நிரம்பும் தண்ணீரை வேறு இடத்தில் கொட்டுங்கள். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்து, மற்றபடி அங்கே யாரும் குளிக்காமல் இருந்தும் பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால் கசிவு அந்தத் துண்டுக் குழாயில். அப்புறம் மறுவாரம் ஷவரைத் தொடாமல், மக்கால் மொண்டு சுவர் மேலும் தரை மேலும் ஊற்றிக் குளியுங்கள். அப்போது வளர்ந்தால் டைல்ஸ் இடுக்கு அல்லது வடிகால். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கசிவு நின்ற மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. பூசிய சுவர் காய வாரக்கணக்காகும். "சரி செய்தும் ஈரம் போகவில்லையே" என்று இரண்டாம் முறை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கெமிக்கல் அடிக்கச் சொன்னவரைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தண்ணீர் வரும் பக்கத்தை விட்டுவிட்டு, வெளியேறும் பக்கத்தில் பூச்சு அடிப்பது காயத்துக்கு மேல் சட்டை போடுவது மாதிரி. உள்ளே வந்த தண்ணீர் எங்கே போகும்? பூச்சுக்குப் பின்னால் தேங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த அறையில் தலை காட்டும். உப்பு பூத்து, பூச்சும் சில மாதங்களில் தோலாக உரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். இத்தனை வருட உத்தரவாதம் என்று ஒரு தாள் தருவார்கள். அதை ஒருமுறை படித்துப் பாருங்கள், "பைப் கசிவு இருந்தால் பொருந்தாது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று. நான் பார்த்த தாள்களில் இருந்தது. உங்கள் பிரச்சினையே அதுதானே!

இடைத்தரகர்களிடமும் கவனமாக இருங்கள். கூப்பிட்டவுடன் வந்து பார்த்து மதிப்பீடு போடுபவர் ஒருவர், வேலை செய்ய வருபவர் இன்னொருவர் என்றால், நடுவில் இருப்பவருக்குப் பெரிய வேலைதான் லாபம். ஒரு வாஷரில் அவருக்கு என்ன கிடைக்கும்? அதனால்தான் "முழு லைன்" என்கிறார்கள். உங்களிடம் வந்தவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தில் கசிகிறது, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" நேரான பதில் இல்லை என்றால் சுத்தியலை எடுக்க விடாதீர்கள்.

நேர்மையான பிளம்பர் அழுத்தச் சோதனை செய்வார். குழாய்களைக் கழற்றி அந்த முனைகளை அடைத்து, காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் லைனுக்குள் தண்ணீரை ஏற்றி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் நிறுத்துவார். அளவுமானியின் முள் சில மணி நேரம் அசையாமல் நின்றால் லைன் நலம். இறங்கினால் கசிவு உறுதி. குளிர்ந்த நீர் லைன், வெந்நீர் லைன் இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள். எந்தச் சுவரைத் தொட வேண்டாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மேல்தொட்டி குழாயிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருக்கும், சோதனைக்கு ஒன்றரை பார் ஏற்றினால் போதும். அதனால் இது பெரிய தொழிற்சாலை வேலை ஒன்றும் அல்ல. சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். எத்தனை வீட்டில் செய்கிறார்கள்? ஒரு மிக்சி வாங்கினால் கையேடு தருகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டுக்கு, பைப் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று ஒரு வரைபடம் தர மறுக்கிறார்கள். தராததைக் கேட்பவர்களும் குறைவு. அதன் விலையைத்தான் இப்போது நீங்கள் ஓதமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

வாஷ்பேசின் குழாய்க்கு ஆள் வேண்டாம். கீழே இருக்கும் ஆங்கிள் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். பேசின் ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருகாணி உள்ளே போய்விடும். பல சுற்றுத் திருகி மூடும் குழாயானால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். கால் சுற்றில் மூடும் குழாயானால் உள்ளே இருப்பது கார்ட்ரிட்ஜ், முழுதாகக் கழற்றி மாற்றும் உருளைத் துண்டு. எதுவானாலும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், நினைவில் வைத்து வாங்கினால் அளவு மாறிவிடும். புது வாஷர் போட்டும் சில நாளில் சொட்டினால், அது உட்காரும் விளிம்பு அரித்திருக்கிறது. அப்போது குழாயையே மாற்றிவிடுங்கள். சொட்டு நிற்கட்டும் என்று பலம் போட்டு இறுக்குவதுதான் அந்த விளிம்பைக் கெடுக்கிறது. சின்ன விஷயம் என்று தள்ளிப் போடாதீர்கள்: 100 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. டெஃப்லான் டேப் சுற்றும்போது மரை திருகும் திசையிலேயே சுற்றுங்கள். பிளாஸ்டிக் மரையை அளவுக்கு மீறி இறுக்கினால் வெடித்துவிடும்.

கீசரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், கசிவெல்லாம் கோளாறு அல்ல என்பதற்கு அதுதான் உதாரணம். தண்ணீர் சூடேறினால் விரியும். 25 லிட்டர் தொட்டியில் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 380 மில்லி கூடுகிறது. திரும்பிப் போகும் வழியைத் தடுப்பு வால்வு மூடியிருந்தால், கூடிய தண்ணீர், அழுத்தம் ஏறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆக, கீசர் சூடேறும்போது மட்டும், அந்த வால்வின் முனையில் மட்டும் சொட்டினால், அது தன் வேலையைச் செய்கிறது. சிலர் இதைக் கோளாறு என்று நினைத்து, அந்த முனையில் மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். அதற்குக் குழாய் மாட்டி மூடிவைத்த வீட்டையும் பார்த்தேன், எனக்குக் கை நடுங்கியது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி அழுத்தம் ஏறும் நாளில் தொட்டி வெடிப்பதைத் தடுக்கும் முக்கியமான வழி அதுதான். தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். எந்தக் காரணத்துக்காகவும் அதை அடைக்காதீர்கள், அடைக்கச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு வாளிக்கோ வடிகாலுக்கோ போகும்படி திறந்த ட்யூப் மாட்டினால் போதும். கீசரை அணைத்துப் பல மணி நேரம் ஆன பிறகும் சொட்டினால் வால்வில் தூசியோ, லைனில் அதிக அழுத்தமோ இருக்கலாம், ஆள் கூப்பிடுங்கள். வால்வு அல்லாமல் கீசரின் உடம்பிலிருந்து கசிந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள். துருப்பிடித்து ஓட்டையான தொட்டியை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

மற்றபடி, ஈரம் சுவிட்ச் பக்கம் நகர்ந்தாலோ, கூரைப் பூச்சு உப்பித் தொங்கினாலோ, சாக்கடை வாடை வந்தாலோ இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். தண்ணீரை மெயின் வால்வில் நிறுத்தி, காய்ந்த இடத்தில் நின்றபடி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள். வெளியே தெரியும் பைப்பில் ஊசித்துளை விழுந்தால் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு ஓரிரு நாள் சமாளிக்கலாம். எபாக்சிப் பசையை ஈரத்தின் மேல், தண்ணீர் ஓடும்போதே அப்பாதீர்கள், பிடிக்காது.

கடைசியில் உடைக்கத்தான் வேண்டும் என்று சோதனை சொன்னால், அந்த ஒரு இடத்தை மட்டும் உடையுங்கள். கழற்றிய பைப் துண்டை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள், ஓட்டை எங்கே என்று நீங்களே பாருங்கள். வெந்நீர் லைனில் வெள்ளைப் பிவிசி போட விடாதீர்கள், வெந்நீரின் சூட்டைத் தாங்கும் பைப் வேண்டும்; சிபிவிசி (சூடு தாங்கும் பிவிசி வகை) போட்டால் அதற்குரிய பசையும் வேண்டும். புது இணைப்பு காய்ந்த பிறகு மறுபடி அழுத்தச் சோதனை. அதற்குப் பிறகு, பூசும் முன், அளவு நாடாவைச் சுவரில் வைத்து இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் தராத வரைபடத்தில் அந்தச் சுவராவது உங்கள் கையில் இருக்கும்.