இரண்டாவது பாண்ட் போட்டு ஒரு டாக்டரா?

நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மகள் மெட்ரிக், பள்ளியின் கடைசி ஆண்டு. பதினோராம் வகுப்பு முடிவில் லைஃப் சயின்சஸ் 84, ஃபிசிக்கல் சயின்சஸ் 71, கணக்கு 68. முதல் விருப்பமாக மருத்துவம் போட்டாயிற்று, ஆனால் கிடைக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். அப்புறம் என்ன செய்வது என்று அத்தையும் லண்டன் மாமாவும் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள்: வெளிநாட்டில் எங்கேயாவது மருத்துவம், பணத்துக்கு வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது வீட்டை அடகு வைத்து இன்னொரு கடன். "பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறாள், என்ன சொல்லித் தேற்றுவது?" என்று கேட்கிறார்.

தேற்ற வேண்டாம் அம்மா. மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பள்ளி விட்டு வந்தால் தாத்தாவின் தோட்டத்திலேயே கிடக்கிறாள், வாழை இலை ஏன் மஞ்சளாகிறது, முருங்கையில் கம்பளிப்பூச்சி எந்த மாதம் வருகிறது என்று நோட்டுப் போட்டு எழுதுகிறாள் என்று. நாலு பக்கத்தில் பிள்ளையைப் பற்றியது அந்த ஒரு வரிதான், மீதியெல்லாம் அத்தையைப் பற்றி.

முதலில் பணம். வெளிநாட்டு மருத்துவம் ஆறு ஆண்டு என்று வையுங்கள். ராண்ட் விழும்போதெல்லாம் கட்டணம் ஏறும். திரும்பி வந்தால் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. பேரவையின் தேர்வு, அதில் தேறினால் 2 ஆண்டு இன்டர்ன்ஷிப், 1 ஆண்டு கம்யூனிட்டி சர்வீஸ். அவள் சொந்தமாக வேலை பார்க்கும்போது உங்களுக்கு என்ன வயது, பாண்டில் எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் துணித் தொழிற்சாலையில், உங்கள் கணவர் டெலிவரி வேனில். உங்கள் இருவர் சம்பளத்தையும் நானே கூட்டிப் பார்த்தேன், ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள்தான் வருகிறது. அதாவது இந்த நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசின் மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி உங்கள் பிள்ளைக்கு இருக்கிறது. வெளிநாட்டுக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. இருக்கிற உதவியை விட்டுவிட்டு வீட்டை அடகு வைப்பதற்கு நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன், யார் கோபித்துக்கொண்டாலும். மாமாவுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் பாண்டில் அவர் கையெழுத்துப் போடட்டும்.

அவர் இன்னொன்றும் சொல்கிறாராம், "ஹானர்ஸ் இல்லாத டிகிரி டிகிரியே இல்லை" என்று. அவர் இருக்கும் ஊரில் ஹானர்ஸ் பட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. இங்கே அது தனிப் படிப்பு. மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. முடித்து, மறுபடி விண்ணப்பம் போட்டு, மதிப்பெண் போதுமானால் இடம் வாங்கிப் படிக்கும் இன்னொரு ஆண்டு. அந்த ஆண்டுக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். பணம் தராது. தேசிய ஆராய்ச்சி நிதியமான என்.ஆர்.எஃப். உதவித்தொகை உண்டு, அதற்குப் போட்டியும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் மூன்றாம் ஆண்டோடு நின்றுபோவது இந்த இடத்தில்தான். அறிவு குறைந்து இல்லை, நாலாவது ஆண்டுக்குக் கையில் காசு இல்லாமல்.

இதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது, நம் வீடுகளில் யாரும் அதைப் பேசுவதில்லை. குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் வேளாண் பி.எஸ்ஸி., நாலு ஆண்டு. அந்த நாலாவது ஆண்டு பட்டத்துக்குள்ளேயே அடங்கியது. முடித்தால் இந்த நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் ஹானர்ஸ் முடித்தவர்கள் நிற்கும் அதே எட்டாவது நிலை, நேராக மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். முதல் பட்டம் என்பதால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். கதவும் நாலாவது ஆண்டில் மூடாது. தாவர நோயியல், பயிர் இனப்பெருக்கம், மண் அறிவியல், தோட்டக்கலை என்று பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு முதல் பிரிவு, தாவர நோயியல். செடிக்கு டாக்டர் என்று அத்தையிடம் சொல்லிக்கொள்ளுங்கள், பொய் இல்லை.

அந்த ஊரில் இதற்கு வேலை இருக்கிறதா என்றால், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு துளைப்பான் வண்டு 2017ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்துப் பிளேன் மரங்களில்தான் இந்த நாட்டில் முதலில் அடையாளம் காணப்பட்டது. எள்ளளவு வண்டு, தன்னோடு ஒரு பூஞ்சையைச் சுமந்து வந்து மரத்துக்குள் வளர்க்கும், மரம் காயும். இன்றைக்கு நகரம் நகரமாக அதோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். அதே வளாகத்தில் ஆப்பிரிக்கப் பயிர் மேம்பாட்டு மையம் இருக்கிறது, பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து பயிர் இனப்பெருக்கத்தில் பிஎச்.டி. செய்கிறார்கள். பட்டம் முடித்ததும், அறிவியலாளர்களைப் பதிவு செய்யும் சாக்னாஸ்ப் பேரவையில் கேண்டிடேட்டாகப் பதியலாம், மூன்று ஆண்டு வேலை அனுபவத்துக்குப் பின் புரொஃபெஷனல் நேச்சுரல் சயின்டிஸ்ட். பெயருக்குப் பின்னால் எழுத்து வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் ஆயிற்று.

அத்தை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வர நமக்கு மூன்று தலைமுறை ஆச்சு, பேத்தியை மறுபடி வயலுக்கா அனுப்புவது?" 1860ல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வம்சத்துக்கு அந்தப் பயம் இருக்கும், நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஃபீனிக்ஸ் பக்கத்தில், மவுண்ட் எட்ஜ்கோமில், கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1925லிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் நாட்டாலில் பரவலாகப் பயிரான கரும்பு ரகம் என்.கோ.310. அந்தப் பெயரில் 'என்' நாட்டால், 'கோ' கோயம்புத்தூர். அங்கே ஒட்டுச் சேர்த்த விதை, இங்கே முளைத்துத் தேர்வானது, பிறகு உலகத்தின் பல கரும்பு நாடுகளுக்குப் போனது. நம் தாத்தாக்கள் வெட்டிய கரும்பை மேம்படுத்தும் வேலைக்குப் பேத்தி போனால் அதில் என்ன குறைச்சல்? இதே மாதிரிப் படித்த பிள்ளைகள் அங்கே மாஸ்டர்ஸ் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் சி.ஏ.ஓ. அலுவலகத்தின் படிவத்தில் ஆறு விருப்பம் போடலாம். மருத்துவம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், அதை அடித்துவிட்டு வீட்டில் சண்டை வேண்டாம். அதற்கு அடுத்த இடத்தில் வேளாண் பி.எஸ்ஸி. வர வேண்டும், செப்டம்பர் 30க்குள். மீதி நாலு இடத்தை அவளே நிரப்பட்டும், நீங்கள் சமையலறையில் இருங்கள். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்.க்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சி.ஏ.ஓ. போட்டால் தானாக வராது, பலர் இதில் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். விடுதி வேண்டும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்தான் என்றாலும் தினமும் போய்வர முடியாது. அதற்கும் சேர்த்தே இப்போதே எழுதிப் போடுங்கள்.

வீட்டுப் பத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

அப்புறம், அந்த நோட்டில் வாழை இலை மஞ்சளானதற்கு அவள் என்ன காரணம் எழுதியிருக்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு வாழையும் இந்த வருஷம் அப்படித்தான் நிற்கிறது.