வாட்சன் ஓட்டலை இடித்துவிட்டால் என்ன?

வணக்கம். மும்பை காலா கோடாவில் என் ஆபீஸ். எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற சிதைந்துபோன கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். அதுதான் பழைய வாட்சன் ஓட்டல், இந்தியர் என்று ஜாம்ஷெட்ஜி டாடாவை உள்ளே விடவில்லை, அந்த ரோஷத்தில்தான் அவர் தாஜ் ஓட்டலைக் கட்டினார் என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால், நம்மை வாசலில் நிறுத்திய கட்டடத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? இடித்துவிட்டால் என்ன?

ர., சயான்

அன்புள்ள ர.,

வாட்சன் ஓட்டல் வெள்ளைக்காரர்களுக்கான ஓட்டல் என்பது உண்மை. டாடா கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. 1896ல் பம்பாயில் பிளேக் பரவி, ஜனங்கள் ஊரைவிட்டே ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் சில வருஷங்களிலேயே தாஜ் வேலையைத் தொடங்கி 1903 டிசம்பரில் திறந்துவிட்டார். அவ்வளவு பெரிய காரியத்தை ஒரு வாசல்காரன் மேல் வந்த கோபமாகச் சுருக்குவது டாடாவுக்கே செய்யும் அநியாயம். இந்தக் கதையால் இன்னொரு நஷ்டமும் உண்டு, வாட்சன் ஓட்டலின் சொந்தக் கதையை யாரும் கேட்பதே இல்லை.

1860களில் கோட்டைச் சுவரை இடித்து பம்பாயை விரிவாக்கியபோது, ஜான் வாட்சன் என்ற துணி வியாபாரி அங்கே இடம் பிடித்தார். கட்டடத்தை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ், லண்டன் செயின்ட் பாங்கரஸ் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டமான கூரையில் வேலை செய்த இன்ஜினியர். வார்ப்பிரும்புத் தூண்கள், உத்திரங்கள் எல்லாவற்றையும் இங்கிலாந்தில் வார்த்து, துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி நிறுத்தினார்கள். செங்கல் சுவர் வெறும் அடைப்புதான், பாரம் முழுக்க இரும்புச் சட்டகத்தின் மேல். இன்று நாம் பார்க்கும் அடுக்குமாடிகளில் பலவும் இதே முறைதான், தூணும் உத்திரமும் தாங்கும், சுவர் சும்மா நிற்கும். இந்தியாவில் மிஞ்சியிருக்கும் இப்படிப்பட்ட பல மாடிக் கட்டடங்களில் மிகப் பழையது இது. 1871ல் ஓட்டலாகத் திறந்தது.

1896 ஜூலை 7ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பிரான்சில் சினிமாக் கருவியை உருவாக்கிய லூமியேர் சகோதரர்களின் ஆளான மாரியுஸ் செஸ்டியே ஆஸ்திரேலியா போகிற வழியில் பம்பாயில் இறங்கி, இந்த ஓட்டலில்தான் ஆறு குட்டிப் படங்களைக் காட்டினார். டிக்கெட் ஒரு ரூபாய். ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் வருகிறது, தொழிலாளிகள் ஆலையை விட்டு வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். இந்தியாவில் சினிமா காட்டப்பட்டது அதுதான் முதல் தடவை. ஒரு வாரத்தில் காட்சிகள் நாவல்டி தியேட்டருக்குப் போயின, அங்கே நாலணாவுக்கும் டிக்கெட் இருந்தது, இந்தியர்களும் பார்த்தார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நம்மை வாசலில் நிறுத்திய கட்டடம் என்கிறீர்கள். சரி. ஆனால் 1960களில் ஓட்டல் மூடியபிறகு அதற்குள் இருந்தவர்கள் யார்? அறைகளைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டதில், கோர்ட் பக்கத்திலேயே இருப்பதால் வக்கீல்கள் வந்தார்கள், சின்னச் சின்ன வியாபாரிகள் வந்தார்கள், குடும்பங்களும் இருந்தன. வெள்ளைக்காரர்கள் நடனமாடிய இடத்தில் வாய்தா கேட்டு அலைகிறவர்கள் கேஸ் கட்டோடு காத்திருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேல் அது நம் ஜனங்களின் கட்டடம். அந்த வரலாற்றையும் சேர்த்துத்தானே இடிக்கச் சொல்கிறீர்கள்?

அது சிதைந்ததும் தானாக நடக்கவில்லை. மும்பையின் வாடகைச் சட்டம் வாடகையை ஏறவிடாமல் பல பத்தாண்டுகள் கட்டிப்போட்டது. குடியிருப்பவர் காலி செய்ய மாட்டார், வருகிற வாடகையில் பெயின்ட் அடிக்கக்கூட முடியாது, ஆகவே உரிமையாளர் கைகழுவிவிடுவார். தென் மும்பையில் பாதிக் கட்டடங்களின் கதி இதுதான். உள்ளே தடுப்புச் சுவரும் பரணுமாகப் பாரம் ஏறிக்கொண்டே போனது, மேலே மழை. 2005ல் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். உலகின் அழியும் நிலையிலுள்ள நினைவுச்சின்னங்கள் பட்டியலிலும் அதே காலத்தில்தான் இது சேர்ந்தது. 2019ல் எல்லோரையும் காலி செய்ய வைத்தார்கள். பழுதுபார்க்க முடியாது, இடிக்க வேண்டியதுதான் என்று ஐஐடி பம்பாய் அறிக்கை கொடுத்தது. மரபுக் கட்டட நிபுணர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

நான் அவர்கள் பக்கம். துண்டுகளாக வந்து பூட்டப்பட்ட கட்டடம் இது, கெட்டுப்போன துண்டைக் கழற்றிவிட்டு அதே அச்சில் புதிதாக வார்த்துப் பொருத்தலாம். செலவு பயங்கரமாக ஆகும், அதை உரிமையாளர் தலையிலோ வாடகைக்காரர் தலையிலோ கட்டினால் ஒருநாளும் நடக்காது. அரசு விலை கொடுத்து வாங்கி, சட்டகத்தைச் சரிசெய்து, கீழ்த்தளத்தையாவது பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். முதல் சினிமா ஓடிய இடத்துக்கு ஒரு அருங்காட்சியகம்கூட இல்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.