பழைய வீடுகளைப் படமெடுத்தால் சுவர்கள் பின்னால் சாய்ந்தும் படம் உயிரற்றும் வருகிறது. நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

லென்ஸ் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் பதில். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைத் தொடர்ந்து படமெடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுவர் சாய்வது லென்ஸின் குறை அன்று, கேமராவை அண்ணாந்து பிடிப்பதன் விளைவு. கேமரா மட்டமாக இருக்கும்வரை தூண்கள் நேராகவே நிற்கும். மேல்மாடி படத்துக்குள் வரவில்லையே என்று அதை உயர்த்தியதும் அவை உச்சியில் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கிவிடும். ஆகவே மட்டம் மாறாமல் பின்னால் நகருங்கள். தெரு குறுகலாக இருந்தால் எதிர்வீட்டு மாடியில் நின்றுகொள்ள அனுமதி கேளுங்கள். இரண்டும் முடியாதபோது நாற்புறமும் தாராளமாக இடம் விட்டு எடுத்துப் பிறகு மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். கேமராவை அண்ணாக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த உதவும் ஷிஃப்ட் லென்ஸ் இந்த வேலையை எளிதாக்கும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

உயிரற்று வருவதற்குப் பெரும்பாலும் வெயில் விழும் திசையே காரணம். முகப்பின் உச்சியில் இருக்கும் சுதைக் கஜலட்சுமியின் மீது வெயில் நேரெதிரே விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். சுவரை உரசிக்கொண்டு வரும் வெயிலில்தான் யானையின் துதிக்கை தனக்கென ஒரு நிழலோடு சுவரை விட்டு எழுந்து வரும். கிழக்கு பார்த்த வீடு என்றால் விடிந்தவுடன் ஓட வேண்டாம், வெயில் சற்று ஏறட்டும். வடக்கு பார்த்த வீட்டுக்கு மார்கழியில் போனால் முகப்பில் வெயிலே கிடைக்காது. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். எல்லோரும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடும் அந்த உச்சிவேளையில்தான் வடக்குச் சுவரின் சுதை வேலைப்பாடு மேலிருந்து கீழாக உரசும் வெயிலில் மிகத் தெளிவாகத் தெரியும்.

உள்ளே வந்தால் சிக்கல் வேறு. வளவின், அதாவது முகப்பைத் தாண்டியதும் வரும் முதல் கட்டின், திறந்த முற்றத்தில் வெயில் இறங்கிவிட்டால் முற்றம் வெளிறும், சுற்றியுள்ள தாழ்வாரம் கறுக்கும். வெயில் இறங்குமுன் எடுப்பது உத்தமம். இயலாவிட்டால் ட்ரைபாடில் வைத்து, ஒரே காட்சியை இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) மூன்று படங்களாக எடுத்து இணையுங்கள். இணைக்கும்போது இருளை முழுவதும் விரட்டிவிடாதீர்கள், ஏனெனில் அந்த நிழல் வெக்கையைத் தடுப்பதற்காகக் கட்டியவர்களே திட்டமிட்டு வைத்தது.

முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று அடுத்தடுத்த கட்டுகளின் வாசல் நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும் காட்சியை எல்லோரும் எடுக்கிறார்கள். பலருக்கு அது ஒரு சாண் விலகிப் பிசகிவிடுகிறது. கண்ணளவில் நடுவைத் தேடாமல், வாசலுக்கு நேராக ஓடும் ஆத்தங்குடி டைல் இணைப்புக் கோட்டின் மேல் ட்ரைபாடின் நடுத்தண்டை நிறுத்திவிட்டு, கேமராவை இடுப்பளவுக்கு இறக்குங்கள். பழைய நிலைகளில் சில தாமே சாய்ந்திருக்கும். அருகிலுள்ள நிலையை நேராக்கிக்கொண்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

இவற்றில் பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை என்பதால், யாரிடம் அனுமதி பெறுவது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பொறுப்பாக இருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் உள்கட்டுக் கதவுகளைத் திறந்து வைத்து, மின்விளக்குகளையும் அணைத்துத் தருவார். மஞ்சள் விளக்கொளியும் பகல் வெளிச்சமும் ஒரே சுவரில் கலந்துவிட்டால், சுண்ணாம்புப் பூச்சின் நிறத்தைப் பின்னர் மீட்டெடுப்பது பெரும்பாடு.